"உங்க சாமி எதுங்க?" – பிற சமயங்களின் நடுவே நம் வழி

தென்மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், இருகூர் பக்கம் குடியேறிய நம் மக்களில் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். மளிகைக்கடையோ மில் வேலையோ, வந்த காரியம் அய்யா அருளால் கைகூடியது. ஆனால் பதிகளை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு நம் பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தாங்கலுக்குள் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, "ஏனுங்க, உங்க சாமி எதுங்க? உள்ளே கண்ணாடிதானுங்க இருக்குது" என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பதில் வருவதில்லை. "பெருமாள் மாதிரிதான்" என்று சொல்லி நழுவிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் புத்தர் பிறந்த ஊரையும் நபிகள் பிறந்த ஊரையும் தப்பில்லாமல் எழுதுகிற பிள்ளை அது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு சமயத்தை அறிய வேண்டுமானால், அது எந்தத் துன்பத்தின் நடுவே பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு, வணங்க வருகிறவரை எதன் முன்னே நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். மூப்பையும் பிணியையும் சாவையும் கண்டு அரண்மனையை விட்டு இறங்கியவர் புத்தர். கிறிஸ்தவம் உரோமர் ஆட்சியில் ஒடுங்கிக் கிடந்த யூத மக்களிடையே தோன்றியது. தேவாலயத்தில் முன்னே நிற்பது சிலுவை. இஸ்லாம் குலச்சண்டையும் ஏற்றத்தாழ்வும் மிகுந்த மக்காவில் தோன்றியது. பள்ளிவாசலில் உருவம் எதுவும் இல்லை, தொழுகிறவர் முகம் மக்காவின் திசையை நோக்கும். சமணம் நம் கொங்கு மண்ணுக்கே பழையது. பெருந்துறைக்குப் பக்கத்தில் விஜயமங்கலம் போய்ப் பார்த்தால் பழைய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. அங்கே தீர்த்தங்கரரின் திருவுருவத்தின் முன் நிற்கிறோம்.

இவற்றில் சீக்கிய சமயத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். குருநானக் 1469-இல் பஞ்சாபில் பிறந்தார். சுல்தான்பூரில் வேலையில் இருந்தபோது ஒரு நாள் காலை ஆற்றில் குளிக்க இறங்கியவர் காணாமல் போனார் என்றும், மூன்றாம் நாள் திரும்பி வந்து உபதேசிக்கத் தொடங்கினார் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். சாதி பாராமல் எல்லோரையும் தரையில் ஒரே வரிசையில் உட்கார வைத்து உணவு கொடுக்கிறார்கள். அவர்களில் பலர் தலைப்பாகையை விடமாட்டார்கள். திருச்செந்தூர்க் கடலை நினைக்கிற நமக்கு இதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். அவர்கள் நிற்பது அவர்களுடைய திருநூலின் முன்னே. நாம் நிற்பது கண்ணாடியின் முன்னே. அதற்குப் பிறகு வருவோம்.

நம் வழி எந்தத் துன்பத்தின் நடுவே பிறந்தது? அன்று தென் திருவிதாங்கூர் என்றும் 1956-க்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டம் என்றும் அழைக்கப்படும் மண்ணில், பனையேறி உழைத்த மக்களுக்குத் தலைக்கு வரி, ஏறுகிற பனைக்கு வரி. கூலியில்லாத ஊழியம் வேறு. ஆண்கள் தலையில் துண்டு கட்டக் கூடாது. பெண்கள் இடுப்பில் குடம் எடுக்கக் கூடாது, மேலாடை அணியக் கூடாது. மேல்சாதியாரிடம் பேச வேண்டுமானால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு. இந்த மண்ணில்தான், இன்று சாமிதோப்பு எனப்படும் பூவண்டன்தோப்பில் 1809-இல் பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் பிள்ளை பிறந்தது. முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முடிசூடுகிற பெயரா என்று மேலோர் சினக்க, முத்துக்குட்டி என்று மாற்றும்படி ஆயிற்று. பெயர் வைக்கவும் உரிமை இல்லாத காலம்.

அதே 1809-இல்தான், சாமிதோப்புக்குச் சில கல் தொலைவிலுள்ள மயிலாடியில் ரிங்கல்தௌபே பாதிரியார் தேவாலயம் அமைத்தார். இந்தக் கொடுமையிலிருந்து தப்ப நம் உறவினர் பலர் அந்தப் பக்கம் போனார்கள். பள்ளிக்கூடமும் பாதுகாப்பும் கிடைத்தன. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. அந்த லண்டன் மிஷன் சபையிலிருந்தே 1830-இல் ஆடிஸ் பாதிரியார் கோவைக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கினார். ஆக, கோவையில் இருக்கிற பழைய சபையாரும் சாமிதோப்புக்காரரும் ஒரே காலத்துக் கதையின் இரண்டு கிளைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசி 20, அதாவது 1833 மார்ச்சில், நோயுற்ற நிலையில் திருச்செந்தூருக்குக் கொண்டுபோகப்பட்ட முத்துக்குட்டி கடலுக்குள் சென்றார். மூன்றாம் நாள் கடலிலிருந்து எழுந்தருளியவர் நாராயணரின் மகனாகிய வைகுண்டர் என்பது நம் நம்பிக்கை. அங்கிருந்து நடந்து பூவண்டன்தோப்புக்கு வந்து ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். கூட்டம் பெருகியதைக் கண்ட அரசு அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்து 1839-இல் விடுவித்தது. அரசரையும் அவருக்கு மேலிருந்த வெள்ளையரையும் அகிலத்திரட்டு ஒருசேரக் கண்டிக்கிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1841-இல் அரிகோபாலன் சீடர் வழியாக அருளப்பட்ட அந்த நூலில் 15,000-க்கும் மேற்பட்ட அடிகள். ஏட்டில் இருந்த அது அச்சேறியது 1939-இல்தான். அய்யா வைகுண்டம் எய்தியது 1851. பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது 1859. எட்டு ஆண்டுகள் கழித்து!

இனி பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பதில். முதலில் தலைப்பாகையிலிருந்து தொடங்கினால் அவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பெரியவர் முன்னாலும் சந்நிதி முன்னாலும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவது ஊர் வழக்கம். பண்ணையத்தில் கூலிக்கு நின்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட நிலை என்று கொங்கு நாட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே கொங்கில் கல்யாணத்தில் உருமால் கட்டினால் அது மரியாதை. அய்யா எல்லா ஆண்மக்களையும் உருமாலோடு தம் முன்னே வரச் சொன்னார். யார் தலையில் துண்டு கூடாது என்றார்களோ, அவர்கள் தலையில் துண்டில்லாமல் பதிக்குள் வரக் கூடாது என்றாயிற்று. திருநாமமும் அப்படியே. தள்ளி நில் என்று சொல்லப்பட்டவரின் நெற்றியைத் தொட்டு வெண்ணிற மண்ணைச் சுடர்போல மேல்நோக்கி இடுவது தொட்டுநாமம். சாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் பதினெட்டு சாதியாரும் ஒரே நீரில் குளித்ததும் இதே பாடம்தான்.

கண்ணாடிக்கு வருவோம். பள்ளியறையில் விளக்குகளுக்கு நடுவே கண்ணாடி. அதில் தெரிவது தலைப்பாகை கட்டிய, நாமமிட்ட நம் உருவம். ஏகமாகிய பரம்பொருள் உனக்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே தேடாதே என்பது பொருள். பள்ளியறைக்குள் நுழையும் உரிமை உண்டா என்று சாதி கேட்கிற உலகத்தில், நுழைந்தவனையே உள்ளே வைத்துக் காட்டியது அய்யாவழி. இந்த எண்ணம் பிறகு வேறு மகான்களிடமும் வந்தது. 1872-இல் வடலூர் சத்திய ஞான சபையில் வள்ளலார் ஏழு திரைகளுக்கு அப்பால் ஜோதியைக் கண்ணாடியில் காணச் செய்தார். 1927-இல் கேரளத்துக் களவங்கோட்டில் நாராயணகுரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். வடலூருக்குப் போய்வந்தவர்கள் கோவையில் நிறைய. அதைச் சொன்னால் பேச்சு எளிதாகும்.

"அப்போ உங்களுக்கு அசுரன், அவதாரம் எல்லாம் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். உண்டு. ஆறு துண்டாக வெட்டப்பட்ட குறோணியின் துண்டுகளே யுகத்துக்கு ஒரு அரக்கனாகப் பிறந்தன. கடைசித் துண்டுதான் கலி. கலிக்குத் தனி உடல் கிடையாது. மனிதர் மனத்துக்குள் மாயையாகப் புகுந்திருக்கிறது. ஆகையால் இந்த அவதாரத்துக்கு வில்லும் இல்லை, சக்கரமும் இல்லை. பொறுமையும் தர்மமும்தான் படை. தர்மம் என்றால் தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கி விடுவது. பணிவிடை முடிந்ததும் அன்னதர்மம் கட்டாயம் இருப்பது அதனால்தான்.

இங்கே சற்று மனம் நோகும் ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. கற்பூரம், காணிக்கை, காவடி, உயிர்ப்பலி இவை வேண்டாம் என்றார் அய்யா. ஆனால் ஊரோடு ஒத்துப்போவதாக நினைத்து நம் வீடுகளில் ஒன்றொன்றாக உள்ளே வந்துவிட்டன. மாரியம்மன் நோன்புக்குக் கிடாவெட்டு விருந்துக்கு அழைத்தால், அழைத்தவர் மனம் கோணாமல் போய்வாருங்கள், மொய் வையுங்கள். பலிக்கு மட்டும் பங்குப் பணம் கொடுக்காதீர்கள். காரணம் கேட்டால் சொல்லுங்கள். சொல்லாமல் ஒதுங்கினால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

கடைசியாக, பள்ளி விண்ணப்பத்தில் "மதம்" என்ற கட்டம். அய்யாவழி தனி மதம் என்பாரும், இந்து சமயத்துக்குள் ஒரு வழி என்பாரும் நம்மிலேயே உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு மதங்களுக்குத்தான் தனி எண். மற்றவர்கள் பெயரை எழுத வேண்டும். 2011-இல் அப்படிப் பிற மதம் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 79 லட்சம் பேர். அதில் பெரும்பங்கு ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசிகள் தம் சர்னா வழியின் பெயரை எழுதியதால் வந்தது. எதை எழுதுவது என்பதை வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். என் எண்ணம், கட்டத்தில் எதை எழுதினாலும், எழுதுகிற பிள்ளைக்கு மேலே சொன்னவற்றில் பாதியாவது தெரிந்திருக்க வேண்டும்.

மாசி 19 அன்று திருச்செந்தூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வரும் ஊர்வலங்கள் நாகர்கோவிலில் சேரும். மாசி 20 காலை நாகராஜா திடலிலிருந்து சாமிதோப்புக்கு நடை. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் இரவு ஏறினால் விடியலில் நாகர்கோவில். இந்த முறை பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா வருகிறேன் என்றால் அவர்களுக்கும் சேர்த்து இடம் பிடியுங்கள்.

அய்யா உண்டு.