மினி ஹிட்டாச்சியில் மரம் வெட்டும் ரம்பம்

கேள்வி: எங்களிடம் மூன்றரை டன் மினி எக்ஸ்கவேட்டர் இருக்கிறது. பக்கெட்டைக் கழற்றிவிட்டு, சவுக்கு வெட்டும் செயின் ரம்பத்தைப் பொருத்தலாமா? சிப்காட் பக்கம் பிராக்கெட் அடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள்.
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: பொருத்தலாம். பிராக்கெட் சுலபமான வேலை. கும்மிடிப்பூண்டியில் வெல்டருக்கா பஞ்சம்! சிக்கலெல்லாம் ஆயில் லைனில்தான்.

பிரேக்கர் லைன் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தருகிறது, ரம்ப மோட்டார் எத்தனை கேட்கிறது என்று இரண்டு கையேடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் செயின் மரத்தில் திணறும். கூடினால் மோட்டார் அளவுமீறிச் சுற்றும். மோட்டாரில் கசிவு ஆயிலுக்குத் தனி வாய் இருந்தால், அந்த மெல்லிய ஹோஸ் நேராக டேங்குக்கே போக வேண்டும். ரிட்டர்ன் லைனில் சேர்த்தால் சீல் போய்விடும். மரத்தைப் பிடிக்கும் கவ்வியும் வேண்டுமென்றால், ஒருவழி பிரேக்கர் லைன் போதாது. இருவழி லைன் தனியாகத் தேவை.

அடுத்தது எடை. 30 செ.மீ. தடிமனுள்ள ஐந்து மீட்டர் பச்சைத் துண்டே ஏறக்குறைய 350 கிலோ வரும். கையை நீட்டிப் பிடித்தால் சின்ன வண்டி குப்புறக் கவிழும். வண்டியை மரத்தை ஒட்டி நிறுத்துங்கள்.

செயின் அறுந்தால் அதன் கண்ணி துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். சாதாரணக் கண்ணாடி தாங்காது. கேபின் முன்னால் தடித்த பாலிகார்பனேட் போடாமல் ரம்பத்தை ஓட்டவே ஓட்டாதீர்கள். ரம்பம் சுழலும் கோட்டுக்கு நேரே ஆள் நிற்கவும் கூடாது.