சோடாவைத் தேடாதீர்கள், பருப்பைத் தேடுங்கள்

ஒவ்வொரு கல்வியாண்டிலும், முதலாமாண்டுப் பிள்ளைகள் விடுதி அறையில் பெட்டியைப் பிரிக்கும் முன்பே ஒரு செய்தி அவர்கள் காதுக்கு வந்துவிடுகிறது: "இங்க சாப்பாட்டுல சோடா உப்பு போடுறாங்க." சீனியர் ஜூனியரிடம் சொல்கிறாள், ஜூனியர் அம்மாவிடம் சொல்கிறாள், அம்மா அதை உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். உணவும் ஊட்டச்சத்தும் பாடமாக நடத்துகிற என்னிடம் அது கேள்வியாக வந்து நிற்கிறது: "மேடம், உண்மைதானே?"

உண்மை இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்ட பதில்தான் இது. ஆனாலும் இம்முறை விரிவாகவே சொல்கிறேன். இந்த வதந்தியை நம்பி நல்ல சோற்றை ஒதுக்கிவிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வதந்திக்கு மூன்று கிளைகள் உண்டு. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைய வேண்டும் என்பதற்காகச் சோடா போடுகிறார்கள். அதனால்தான் முடி கொட்டுகிறது. ஆண்கள் விடுதியில் உணர்ச்சியை அடக்கவும் அதையே போடுகிறார்கள். ஒவ்வொன்றாக வருவோம்.

சோடா உப்பு என்பது சோடியம் பைகார்பனேட். சூடு பட்டால் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை வெளியே விட்டுவிட்டு, சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக மாறும். கேக் மாவு, ஆப்ப மாவு போன்ற கெட்டியான மாவுக்குள் அந்த வாயு சிக்கிக்கொள்வதால்தான் பண்டம் உப்புகிறது. கொதிக்கிற அண்டாவில் வாயு சிக்குவதற்கு இடமேது? ஆவியோடு போய்விடும். மிஞ்சுவது சலவைச் சோடா மட்டும். அது சோற்றில் இருந்தால் வெள்ளைச் சோறு மஞ்சளடிக்கும், கூழாகக் குழையும், வாயில் வைத்தால் சோப்பு வாடை வரும். யாரும் ரகசியமாகப் போடக்கூடிய பொருள் இல்லை இது.

குழம்பில் போடுகிறார்கள் என்றால் அதற்கும் பதில் உண்டு. நம் சாம்பாரிலும் ரசத்திலும் புளி, கடைசியில் மோர். எல்லாமே அமிலம். சோடாவைக் கொட்டினால் முதலில் புளிப்பு செத்துப்போகும். அடுத்து மஞ்சள் காட்டிக்கொடுக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காரத்தன்மை ஏறினால் மஞ்சள் சிவக்கும். சந்தேகம் தீராதவர்கள் வடித்த கஞ்சியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுப் பாருங்கள். சோற்றைக் கெடுக்கும் அளவுக்குச் சலவைச் சோடா அதில் இருந்தால் நிறம் மாறும். கஞ்சி மஞ்சளாகவே இருந்தால் அடுத்த வேலையைப் பாருங்கள்.

அதையும் மீறி வயிற்றுக்குள் போகிற சோடாவை இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உப்பாகவும் நீராகவும் வாயுவாகவும் பிரித்துவிடும். ஏப்பம் வரும், அவ்வளவுதான். ஏப்பம் வந்தால் பசி அடங்காது.

பிறகு ஏன் மதியம் வயிறு நிறைகிறது, நாலு மணிக்கு மறுபடி பசிக்கிறது? தட்டைப் பாருங்கள். மலைபோலச் சோறு, நீர்த்த சாம்பார், இரண்டு கரண்டி பொரியல். மாவுச்சத்து மட்டும் மிகுந்து, புரதமும் நார்ச்சத்தும் குறைந்த சாப்பாடு அப்படித்தான் செய்யும். இதற்குச் சோடா எதற்கு?

கணக்கையும் பார்த்துவிடுவோம். நம் கல்லூரி விடுதிகள் பலவற்றில் நடப்பது டிவைடிங் முறை. மாதச் செலவு முழுவதையும் கூட்டி, சாப்பிட்ட நாள்களுக்கு ஏற்பப் பங்கிட்டு மெஸ் பில் போடுகிறார்கள். பிள்ளைகள் குறைவாகச் சாப்பிட்டால் அங்கே யாருக்கும் லாபமில்லை. ஒப்பந்தக்காரர் நடத்தும் மெஸ்ஸில் லாபக் கணக்கு உண்டுதான். ஆனால் சாப்பாட்டிலேயே மலிவான பொருள் சோறு. அதை மிச்சம் பிடித்து என்ன சம்பாதிப்பார்? மிச்சம் பிடிக்க நினைப்பவர் பருப்பில் பிடிப்பார், காய்கறியில் பிடிப்பார், பாலில் பிடிப்பார், ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுநாளும் சட்டியில் ஊற்றுவார். சோடாவைத் தேடுகிற கண்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. என் கோபமே இதில்தான்.

ஒரே ஒரு இடத்தில் சோடா உண்மையிலேயே விழுவதுண்டு. பழைய பருப்பும் கொண்டைக்கடலையும் சீக்கிரம் வேக வேண்டும் என்று சில சமையற்காரர்கள் ஒரு சிட்டிகை போடுவார்கள். வீடுகளிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. அது தவறு. காரத்தன்மை பருப்பிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும். சோடியமும் ஏறும்: ஒரு தேக்கரண்டி சோடா உப்பில் ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பருப்பை முந்தின நாளே ஊறவைக்கச் சொல்லுங்கள், சோடாவே தேவைப்படாது.

இனி முடி. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி உண்டு. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. உடம்புக்கோ மனசுக்கோ பெரிய அதிர்ச்சி நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் மொத்தமாக ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக உதிரும். அந்த இடைவெளியை வைத்துக் கணக்குப் போடுங்கள். வீட்டைப் பிரிந்த ஏக்கம், தூக்கக் குறைவு, புது இடத்தில் வந்த காய்ச்சல், சாப்பிடாமல் இளைத்த உடம்பு என்று எல்லாம் ஜூலை, ஆகஸ்டில். முடி உதிர்வது அக்டோபர், நவம்பரில். பழி மட்டும் மெஸ் அண்டாவின் மேல். காரணம் நீங்கினால் சில மாதங்களில் முடி தானாகவே திரும்ப வளரும்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வி: ரத்தப் பரிசோதனை செய்தீர்களா? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். சோடா பயத்தில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, நூடுல்ஸும் பிஸ்கட்டும் தின்று, டீ குடித்துக் காலம் தள்ளுகிறவளுக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? அந்தப் பிஸ்கட்டிலும், சாயங்காலம் வாங்கித் தின்னும் பஜ்ஜியிலும்தான் சோடா உப்பு உண்மையில் இருக்கிறது. அதைத் தின்று யாருக்கும் வழுக்கை விழவில்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர்களே சோடியம் பைகார்பனேட்டை மாத்திரையாகத் தினமும் கொடுக்கிறார்கள். முடி கொட்டும் என்று யாரும் எச்சரிப்பதில்லை.

மாதவிலக்கு தள்ளிப்போனாலும் சோடாவைத்தான் சொல்கிறார்கள். அதற்கும் இதே பதில். எடை, தூக்கம், மன அழுத்தம் மாறினால் சுழற்சியும் மாறும். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். சீனியர் அக்காவிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மூன்றாவது கிளை, உணர்ச்சியை அடக்கும் கதை. இது நம் ஊரில் பிறந்ததே இல்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் தங்கள் டீயில் புரோமைடு கலக்கிறார்கள் என்று நம்பினார்கள். அமெரிக்கப் படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் அதே கதை வெடியுப்பின் பேரில் உலவியது. இங்கே சில இடங்களில் சூடம் என்பார்கள், பல இடங்களில் சோடா என்பார்கள். இளவயதினரை ஓரிடத்தில் அடைத்து, அவர்கள் எட்டிப்பார்க்க முடியாத ஒரு சமையலறையிலிருந்து சோறு போட்டால் இந்தக் கதை தானாக முளைக்கும். சோடாவுக்கும் வெடியுப்புக்கும் அப்படி ஒரு குணமே கிடையாது. புரோமைடு 19ஆம் நூற்றாண்டில் வலிப்புக்குக் கொடுத்த மருந்து. அளவு கூடினால் மயக்கமும் தோலில் கொப்புளமும் வரும். சூடம் அளவு மீறினால் வலிப்பே வரும். இவற்றை ஒரு விடுதியே தினமும் சாப்பிட்டிருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும்.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: விடுதித் தண்ணீர் முடியை வேரோடு கொட்டவைக்கும்.
உண்மை: ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் அதிகம். அது முடியைச் சொரசொரப்பாக்கும், நுனி உடையும், வேரைத் தொடாது. தலைக்குச் சோப்பு போடாதீர்கள், அது கடின நீரோடு சேர்ந்து படிவமாக ஒட்டிக்கொள்ளும். ஷாம்பு போடுங்கள், கடைசி ஒரு சொம்பு நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: சோற்றில் பிளாஸ்டிக் அரிசி இருக்கிறது, தண்ணீரில் மிதக்கிறது.
உண்மை: அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக வார்த்து, 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் சாதாரண அரிசியில் கலப்பார்கள். ரத்தசோகைக்கு எதிரான மருந்தையே பொறுக்கி எறியாதீர்கள்.

நம்பிக்கை: கரண்ட் பில்லுக்காகத்தான் வார்டன் கெட்டிலைப் பிடுங்குகிறார்.
உண்மை: 1,500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அறையிலுள்ள சிறிய பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இண்டக்‌ஷன் அடுப்பும் வைத்தால் ஒயர் உருகும். இதில் வார்டன் பக்கம்தான் நியாயம்.

நம்பிக்கை: மூட்டைப்பூச்சி அழுக்கு அறையில்தான் வரும்.
உண்மை: பெட்டியோடும் மெத்தையோடும் வரும், சுத்தமான அறைக்கும் வரும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு அறைக்கு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. வரிசை முழுவதற்கும் ஒரே நாளில் அடிக்கச் சொல்லுங்கள். துணிகளைக் கொதிநீரில் அலசுங்கள்.

நம்பிக்கை: ராகிங் ஒரு சடங்கு, பொறுத்துக்கொண்டால் போய்விடும்.
உண்மை: குற்றம். 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பின், 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. இரண்டாண்டு வரை சிறை. தேசிய உதவி எண் 1800-180-5522. பொறுத்துக்கொள்ளாதீர்கள், கூப்பிடுங்கள்.

நம்பிக்கை: காலைச் சாப்பாட்டை விட்டால் உடம்பு இளைக்கும்.
உண்மை: பதினோரு மணிக்குக் கேன்டீனில் சமோசா தின்பீர்கள், அவ்வளவுதான். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பாடம் கேட்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கிய மாநிலம் இது. பதினெட்டு வயதானதும் வயிறு தேவையில்லாமல் போய்விடுமா?

இந்த இடத்தில், எல்லா விடுதி நிர்வாகங்களிடமும் நான் விடாமல் கேட்டுவரும் ஒன்றை இங்கேயும் கேட்கிறேன். சாயங்காலம் டீயோடு தரும் பிஸ்கட்டையும் வடையையும் நிறுத்துங்கள். சுண்டல் போடுங்கள். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, காராமணி, மொச்சை, வேர்க்கடலை என்று வாரம் முழுவதும் மாற்றி மாற்றிப் போடலாம். நாற்பது கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய எட்டு கிராம் புரதம், கூடவே இரும்பும் நார்ச்சத்தும். மேலே எலுமிச்சை பிழிந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், உடனே குடித்தால் இரும்பைச் சேரவிடாது. பொரிக்க எண்ணெய் வேண்டாம், தனி மாஸ்டர் வேண்டாம், ஊறவைக்க ஒரு அண்டா போதும். நாலு மணிப் பசிக்கும் கொட்டும் முடிக்கும் விடுதி செய்யக்கூடிய மிக மலிவான வைத்தியம் இதுதான்.

பிள்ளைகளுக்கு ஒன்று. மெஸ் கமிட்டிக் கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து வராதீர்கள். பருப்பு எத்தனை கிலோ போடுகிறார்கள் என்று கேளுங்கள். 2024ஆம் ஆண்டு ஐசிஎம்ஆர் உணவு வழிகாட்டுதல் சைவச் சாப்பாட்டுக்காரர் ஒருவருக்கு நாளுக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகை என்கிறது. 300 பேர் இருக்கும் விடுதியில் அது 25 கிலோவுக்கு மேல். உங்கள் ஸ்டோர் ரெஜிஸ்டரில் எவ்வளவு எழுதியிருக்கிறது? பொரித்த எண்ணெயை என்ன செய்கிறார்கள்? அதில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாடித் தொட்டியைக் கடைசியாக எந்தத் தேதியில் கழுவினார்கள்? உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் சமையலறைச் சுவரில் எங்கே? சமையற்காரர்களுக்கு இந்த ஆண்டு மருத்துவப் பரிசோதனை நடந்ததா?

பெற்றோர்களே, மகளிடம் "சோடா போடுறாங்களாமே, பார்த்துச் சாப்பிடு" என்று போனில் சொல்வதை இன்றோடு விடுங்கள். "இன்னைக்கு எத்தனை கரண்டி பருப்பு சாப்பிட்டே?" என்று கேளுங்கள். குறைவு என்றால் வார்டனுக்குக் கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் சுண்டலையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.