அன்ரி அனுப்பிய செய்தி பிழையென்றால்

1958 மே மாதக் கலவர நாட்களில் இலங்கையின் தெற்கில் ஒரு கதை பரவியது. பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவரை மட்டக்களப்பில் தமிழர் சிதைத்துவிட்டார்கள் என்பது அந்தக் கதை. கல்வி அமைச்சு தேடிப் பார்த்தது. அப்படியொரு பாணந்துறை ஆசிரியை மட்டக்களப்பில் படிப்பிக்கவேயில்லை. பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி அந்தக் கலவரத்தைப் பற்றி எழுதிய நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஆனால் கதையை நம்பிய பாணந்துறையில் கோயில் ஐயர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை, "கொழும்புக்குள் புலிகள் வந்துவிட்டார்கள்" என்று ஒரு வதந்தி கிளம்பியது. சற்று அடங்கியிருந்த, தமிழருக்கு எதிரான கொலைகள் அன்று மறுபடியும் தொடங்கின. அந்தக் கிழமையில் வீட்டை இழந்தவர்கள் வெள்ளவத்தையில் இன்றும் எங்களோடு வாழ்கிறார்கள்.

அதனால், குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு பொய்ச் செய்தி வரும்போது "விடுங்கோ, சும்மா ஒரு மெசேஜ்தானே" என்று யாராவது சொன்னால் என் மனம் ஒப்புவதில்லை. தொடர்மாடிக் குழு, பழைய மாணவர் குழு, கோயில் குழு, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் சொந்தக்காரர் சேர்ந்த குழு என்று நானும் பலவற்றில் இருக்கிறேன். அங்கே பிழைகளைத் திருத்தப்போய்க் கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் பிழையையும் திருத்தத் தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒருவர் அனுப்பினால், என்னிடம் கேட்டால் மட்டும் பதில் சொல்வேன். கோபுரத்துக்கும் நிழல் விழும், ஆனால் அதை நம்புவதால் யாருக்கும் கேடில்லை. டெங்கு அப்படியல்ல. 2017 இல் மட்டும் இந்த நாட்டில் ஏறத்தாழ 186,000 பேருக்கு டெங்கு என்று பதிவானது. மழைக்காலத்தில் "காய்ச்சலுக்கு இந்தக் குளிசையைப் போடுங்கள், உடனே இறங்கும்" என்று ஐபுபுரோபன் பெயரோடு ஒரு செய்தி வந்தால், கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பதில் எழுதுவேன். டெங்குவில் ஐபுபுரோபனும் அஸ்பிரினும் இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும்தான், அதுவும் அளவோடு. பப்பாசி இலைச் சாறு பற்றி வந்தால் சாற்றோடு சண்டைக்குப் போவதில்லை. "சாறு குடிச்சாலும் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதேங்கோ, காய்ச்சல் இறங்கிற நேரம்தான் ஆபத்தான நேரம்" என்று எழுதுவேன். அந்த வீட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைப்பதே அங்கே முக்கியம்.

யாருக்காவது உடலிலோ உயிரிலோ, மானத்திலோ பணத்திலோ கேடு வரக்கூடிய பிழையா என்பதே என் முதல் கேள்வி. ஆமென்றால் திருத்துவேன், இல்லையென்றால் கடந்து போவேன். எதற்கெடுத்தாலும் திருத்துகிறவரின் பேச்சை, உண்மையாகவே தேவைப்படும் நாளில் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

அடுத்தது எங்கே திருத்துவது என்பது. அவசரமில்லாதபோது நான் குழுவில் எழுதுவதில்லை. நேரே ஃபோன் எடுப்பேன். எங்கள் குழுக்களில் அதிகம் செய்தி அனுப்புகிறவர்கள் வயதில் மூத்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தனியாக இருப்பவர்கள். அவர்கள் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். எண்பது பேர் பார்க்கும் இடத்தில் "இது பொய்" என்று இளையவர் ஒருவர் எழுதினால் அது அவர்களுக்கு அவமானம். அவமானப்பட்டவர் அதற்குப் பிறகு செய்தியைப் பற்றி யோசிப்பதில்லை, தன் மரியாதையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். ஆகவே அழைத்து, முதலில் முழங்கால் நோவை விசாரித்துவிட்டு, "அன்ரி, காலமை நீங்கள் போட்டதைப் பாத்தனான். நல்ல எண்ணத்திலைதான் போட்டிருப்பியள். ஆனா அந்தப் படம் இஞ்சத்தையான் இல்லை, வேறை நாட்டிலை பழைய வெள்ளத்திலை எடுத்தது" என்பேன். பெரும்பாலும் வருகிற பதில், "ஐயோ பிள்ளை, எனக்கு அனுப்பினதை நானும் அனுப்பினன், இப்ப என்ன செய்ய?" என்பதுதான். "நீங்களே ஒருக்கால் குழுவிலை போட்டுவிடுங்கோ அன்ரி, நீங்கள் சொன்னா எல்லாரும் கேப்பினம்" என்பேன். அனுப்பியவரே திருத்தும்போது குழு முழுவதும் நம்புகிறது. அவருடைய மதிப்பும் குறைவதில்லை. பிறகு அனுப்புவதற்கு முன் அவரே என்னைக் கேட்கத் தொடங்குகிறார். என் அனுபவத்தில் இதைவிடப் பலன் தந்த வழி வேறில்லை.

ஆனால் அழைத்துக் கதைத்துக்கொண்டிருக்க நேரமில்லாத பொய்களும் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் நடந்ததை நான் மறப்பதில்லை. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு மாக்கட்டி கிடந்தது. அது சிங்களவர்களை மலடாக்கும் குளிசை என்று ஒருவர் கத்த, கூட்டம் சூழ்ந்தது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. பயத்தில் அவர் எதற்கோ "ஓம், போட்டோம்" என்று சொன்னது வீடியோவாகி நாடு முழுவதும் சுற்றியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒருவர் தின்னும் சாப்பாட்டில் போட்டு அவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அது வெறும் மா என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையும் வந்தது. அவை வருவதற்குள் அந்த வீடியோ தன் வேலையை முடித்துவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் திகனையிலும் கண்டியைச் சுற்றியும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, அவசரகாலச் சட்டம் வந்தது, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

ஓர் இனத்தையோ ஒரு மதத்தையோ ஒரு தனி மனிதரையோ நோக்கிக் கையை நீட்டும் செய்தி என்றால் அதே குழுவில், எல்லாரும் பார்க்க, உடனே பதில் எழுத வேண்டும் என்பது அந்த நாட்களில் எனக்கு உறுதியானது. அங்கே முறையும் மரியாதையும் இரண்டாவதுதான். எழுதும்போதும் சில கவனங்கள் வேண்டும். முதல் வரியில் உண்மை இருக்கவேண்டும். "இந்த வீடியோ பொய்யா?" என்று தலைப்பிட்டு அதே வீடியோவை மறுபடி போடக்கூடாது. பஸ்ஸில் போகிறவர் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுவார். மூன்று நான்கு வரி போதும். யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்பது அதில் இருக்கவேண்டும். "நல்லாப் படிச்ச நீங்களே இப்பிடியா?" போன்ற ஒரு சொல்கூட இருக்கக்கூடாது.

சரிபார்ப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. படமென்றால் கூகுள் லென்ஸில் போட்டால் அது முதலில் எங்கே வந்தது என்பது பெரும்பாலும் அகப்படும். பழைய பத்திரிகைச் செய்தி, நூல், மேற்கோள் என்றால் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் தேடலாம். ஈழத்து நூல்களும் இதழ்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, நடந்துபோகும் தூரம். வெள்ளம், புயல், கடல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கடலைப் பற்றி ஒரு சொல். தண்டவாளத்தைத் தாண்டினால் அலை என்ற இடத்தில் குடியிருக்கிறவர்கள் நாங்கள். "இன்றிரவு எட்டு மணிக்குச் சுனாமி" என்ற செய்தி அவ்வப்போது வரும். நிலநடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் முடியாது. ஆகவே நாள் குறித்து வரும் சுனாமிச் செய்தி ஒவ்வொன்றும் பொய். உண்மையான எச்சரிக்கை நிலநடுக்கம் நடந்த பிறகுதான் வரும். 2004 இல் சுமாத்திராவிலிருந்து அலை எங்கள் தீவை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. 2012 ஏப்பிரல் 11 அன்று வந்தது அப்படியான உண்மையான எச்சரிக்கை. அலை பெரிதாக வரவில்லை, ஆனாலும் அன்று கரையை விட்டு விலகியவர்கள் செய்தது சரி. பொய்யைத் திருத்தப்போய் உண்மையான எச்சரிக்கையை மக்கள் அலட்சியம் செய்யும்படி எழுதிவிடக்கூடாது. இரண்டையும் பிரித்தறியும் வழியையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அரசாங்கம் சொன்னது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்பிரல் 25 அன்று, இறந்தோர் தொகை 359 என்றிருந்ததைச் சுகாதார அமைச்சு 253 ஆகக் குறைத்தது. அதே நாள் பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர் படங்களில் ஒன்று அமாரா மஜீத் என்ற அமெரிக்கப் பெண்ணுடையது. அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பொலிஸார் பிழையை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு, யாரிடமிருந்து வந்தாலும் சந்தேகநபர் என்று ஒரு முகத்தைக் காட்டும் படத்தை நான் எந்தக் குழுவுக்கும் அனுப்புவதில்லை.

மிகக் கடினமானது எங்கள் பக்கத்துப் பிழையைத் திருத்துவது. கொரோனாவால் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி 2020 இல் அரசாங்கம் எல்லாரையும் எரிக்கச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றே சொல்லியிருந்தது. பிறந்து இருபது நாளான முஸ்லிம் குழந்தையொன்று பொரளையில் எரிக்கப்பட்டபோது தமிழரும் கவலைப்பட்டார்கள். ஆனால் 2021 மார்ச்சில் புதைப்பதற்குத் தமிழர் வாழும் இரணைதீவு என்று அறிவித்ததும், அதே நிலத்தடி நீர்க் கதை எங்கள் தமிழ்க் குழுக்களுக்குள் வந்துவிட்டது. இரணைதீவு மக்கள் எதிர்த்ததற்கு நியாயம் உண்டு. கடற்படை வைத்திருந்த தங்கள் மண்ணுக்கு 2018 இல்தான் அவர்கள் திரும்பியிருந்தார்கள், அவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தது தவறு. அந்த நியாயத்தைச் சொல்ல "மண் நஞ்சாகிவிடும்" என்ற பொய் தேவையில்லை என்று எழுதினேன். "நீ யாற்றை பக்கம்?" என்று கேட்டார்கள். உடல்கள் பிறகு ஓட்டமாவடியில் அடக்கம் செய்யப்பட்டன. கட்டாய எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு மே மாதமும் 146,679 என்ற எண் எங்கள் குழுக்களில் வரும். "முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டவர்கள், மன்னார் ஆயர் சொன்ன கணக்கு" என்று அதன் கீழே எழுதியிருக்கும். ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சொன்னது வேறு. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்கின்படி வன்னியில் 429,059 பேர் இருந்தார்கள். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அரசாங்கத்தினதும் ஐ.நா.வினதும் கணக்குகளை வைத்தே அரசாங்கத்தைக் கேட்ட கேள்வி அது. அதைக் கொலைக் கணக்காக மாற்றிப் போட்டால் "ஆயர் அப்படிச் சொல்லவேயில்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போவார்கள். அவர் கேட்டபடியே கேட்டால் அந்த வரி அவர்களிடம் இல்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் வரவில்லை, ஆயரும் 2021 இல் காலமாகிவிட்டார்.

வேறு நாட்டுப் போரில் இறந்த குழந்தையின் படத்தை முள்ளிவாய்க்கால் என்று போடுவதையும் இதே காரணத்துக்காகத்தான் திருத்துகிறேன். எங்கள் பிள்ளைகள் இறந்தது உண்மை. அந்த உண்மைக்குப் பக்கத்தில் ஒரு பொய்ப் படத்தை வைத்தால், மறுக்க நினைக்கிறவர் அதையொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றெல்லாவற்றையும் பொய்யென்பார். இதை எழுதும்போது மட்டும் நான் நேரமெடுத்து, இழப்பைப் பற்றி முதலில் எழுதி, பிறகுதான் படத்தைப் பற்றி எழுதுவேன். அந்தக் குழுவில் பிள்ளையை இழந்த தாய் ஒருவர் இருக்கக்கூடும்.

எத்தனை முறை பதில் எழுதுவது? ஒரு முறை ஆதாரத்தோடு, எதிர்க்கேள்வி வந்தால் இன்னொரு முறை, அதோடு விட்டுவிடுவேன். எழுதியவர் மாறாவிட்டாலும் பேசாமல் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதில் அவர்களுக்காகத்தான்.

இணையத்தில் பொய் சொன்னால் தண்டிக்க 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அந்தச் சட்டத்தின்படி எது பொய் என்பதை ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும், சிறைத்தண்டனையும் உண்டு. அப்படியான அதிகாரத்தை எந்த அரசாங்கத்தின் கையிலும் கொடுப்பதை நான் விரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் திருத்துவதே எனக்கு மேலாகப் படுகிறது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்குச் சிங்களம் எழுத வரும். எங்களைப் பற்றிச் சிங்களத்தில் சுற்றும் பொய்களைச் சிங்களத்திலேயே திருத்த உங்களால் முடியும். சிங்களவரையும் முஸ்லிம்களையும் பற்றித் தமிழில் சுற்றும் பொய்களை எங்கள் குழுக்களில் திருத்தவும் உங்களால் முடியும். அந்த இரண்டு வேலையையும் தயவுசெய்து கையில் எடுங்கள்.