அரிச்சந்திரன் இன்று பாயான் லெப்பாஸில் வேலை செய்தால்?

இளைஞர் படிப்பு வட்டத்திற்கான பாடம்



இந்த மாதம் மூன்று சொற்களைப் பற்றிப் பேசப் போகிறோம்: வேலை, வாய்மை, மரணம். "இந்த மூணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? கீழே உள்ள நிலைமையை முதலில் படியுங்கள். இது ஒரு கற்பனைதான். ஆனால் நம்மில் பலருக்கு இது புதிதாக இருக்காது.

ஓர் இளைஞர். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. திடீரென்று அப்பா காலமாகிறார். கம்பெனி மூன்று நாள் லீவு கொடுக்கிறது. தகனம் முடிந்து, அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார். பதினாறாம் நாள் கருமக்கிரியை புதன்கிழமையில் விழுகிறது. கையில் லீவு மிச்சமில்லை. சூப்பர்வைசரிடம் கேட்கத் தயக்கம். கூட வேலை செய்பவர் வழி சொல்கிறார்: "ஏன்டா கஷ்டப்படுற? வயித்து வலின்னு எம்.சி. ஒண்ணு எடு. யாருக்குத் தெரியப் போகுது?"

அப்பாவுக்குப் பிண்டம் வைக்கிற நாளில், வேலையைக் காப்பாற்ற, ஒரு பொய். மூன்று சொற்களும் இங்கே ஒன்றாக வந்து நிற்கின்றன, பார்த்தீர்களா? இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வேலை: நேரம் யாருடையது?

ஜோர்ஜ் டவுன் கடற்கரைப் பக்கம் போனால் ஒரு வெள்ளை மணிக்கூண்டு நிற்கும். விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததை 1897இல் கொண்டாடினார்கள். அதன் நினைவாக சியா சென் இயோக் என்ற செல்வந்தர் கட்டிக் கொடுத்தது அது. ஆண்டுக்கு ஓரடி வீதம் 60 அடி உயரம். ஊருக்கே பொதுவாக ஒரு நேரம் என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் முன்னோருக்குக் கப்பல் வந்தால் வேலை, இல்லையென்றால் காத்திருப்பு. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் நாள் தொடங்கும். அந்த வாழ்க்கை சுகமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடிகாரம் மனிதனை இவ்வளவு நெருக்கமாகப் பின்தொடரவில்லை. இங்கிலாந்து வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். ஒரு வேலை முடியும்வரை உழைப்பது பழைய முறை. தொழிற்சாலை வந்த பிறகு மனிதன் தன் நேரத்தையே விற்கத் தொடங்கினான்.

பினாங்கில் இந்த மாற்றம் வேகமாக நடந்தது. 1969இல் தீவு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. துன் லிம் சோங் இயூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டு இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே அமைத்தது. இதனால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி, சொக்சோ, லீவு எல்லாம் கிடைத்தன. நம் அம்மாக்களும் அக்காக்களும் சொந்தச் சம்பளம் வாங்கினார்கள். இந்த நன்மையை மறக்கக் கூடாது.

ஆனால் விற்ற நேரத்தில் நம் துக்கத்திற்கு எவ்வளவு இடம்? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் குறைந்தது 8 நாள் லீவு. மருத்துவ விடுப்பு 14 நாள். தாய் தகப்பன் இறந்தால் இத்தனை நாள் என்று அந்தச் சட்டத்தில் தனி விடுப்பு கிடையாது. கம்பெனி பார்த்துக் கொடுப்பதுதான். நம் மரபோ பதினாறு நாள் கேட்கிறது.

திருவள்ளுவர் இல்லறத்தான் பேண வேண்டிய ஐந்து பேரைச் சொல்லும்போது தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, முதலில் வைக்கிறார். "தான்" என்பதைக் கடைசியில் வைக்கிறார். நம் இளைஞர் அந்த புதன்கிழமையை விரும்புவது நியாயமான ஆசை. தவறு இருந்தால் அது ஆசையில் இல்லை, வழியில்தான் இருக்கிறது.

2. வாய்மை: தாளிடம் சொன்ன பொய் பொய்யில்லையா?

ஒரு காலத்தில் பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒரே கூடத்தில் பல முகவர்கள், ஆளுக்கொரு பெட்டி, பேரேடு. ஊரில் இருக்கும் முதலாளிக்காக முகவர் ஏறக்குறைய மூன்று ஆண்டு இங்கே தங்கி வரவு செலவு பார்ப்பார். பிறகு கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். வியாபாரத்தில் மகமை என்று கோயிலுக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். தண்ணீர்மலைச் சாலையில் 1857இல் எழுந்த செட்டியார் கோயிலும், தைப்பூசத்தில் நாம் பார்க்கும் வெள்ளி ரதமும் அந்தச் சமூகத்தின் பணிகள்.

அங்கே நாணயம் எப்படி நின்றது? ஒருவர் கணக்கில் கை வைத்தால் இங்குள்ள கிட்டங்கிக்கும் தெரியும், செட்டிநாட்டிலுள்ள வீட்டுக்கும் தெரியும். பிறகு அவரை யாரும் நம்பமாட்டார்கள். அதற்காக அந்தக் காலத்தில் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. கடன் வாங்கி நிலத்தை இழந்தவர்களின் கண்ணீரும் அந்த வரலாற்றில் உண்டு. சொல்ல வருவது இதுதான்: அன்று நம்பிக்கை முகத்தின் மேல் இருந்தது.

இன்று நாம் முகம் தெரியாதவர்களோடு வாழ்கிறோம். அதனால் நம்பிக்கை தாளுக்கும் கார்டுக்கும் கேமராவுக்கும் மாறிவிட்டது. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. தாளிடம் பொய் சொன்னால் மனிதரிடம் பொய் சொன்ன மாதிரி நமக்கு உறைப்பதில்லை. "கம்பெனிகிட்டதானே சொன்னேன், யார்கிட்டயும் இல்லையே" என்று மனசு சமாதானம் சொல்கிறது.

ஆனால் ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். பொய் எம்.சி. எடுத்த அன்று உங்கள் மெஷினையும் சேர்த்துப் பார்ப்பவர் பக்கத்து வரிசைத் தங்கச்சிதான். நாளைக்கு உண்மையிலேயே காய்ச்சலோடு வருபவரை சூப்பர்வைசர் சந்தேகத்தோடு பார்ப்பார்.

இதே சமாதானம் இன்னும் பெரிய குழியிலும் தள்ளும். "உன் ஏ.டி.எம். கார்டை மட்டும் குடு, மாசம் சில நூறு வெள்ளி தர்றேன்" என்று கேட்பவர்கள் உண்டு. மோசடிப் பணம் அந்தக் கணக்கின் வழியாகத்தான் ஓடுகிறது. எங்கோ ஒரு பாட்டியின் வாழ்நாள் சேமிப்பு அது. கணக்கை இப்படிக் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கி 2024இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லித் தப்புவது எளிதல்ல. யாராவது பணத்தை ஏமாந்தால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

3. மரணம்: பேசக்கூடாத பேச்சா?

முன்பு சாவு வீட்டிலேயே நடந்தது. நடுக்கூடத்தில் உடல், வாசலில் பந்தல், அக்கம்பக்கம் முழுக்க அங்கேதான். வாய்க்கரிசி போடும்போது சின்னப் பிள்ளைகளும் பார்த்தார்கள். இன்று பலர் அடுக்குமாடியில் இருக்கிறோம். உடலை லிஃப்டில் ஏற்றுவதே சிரமம். ஆஸ்பத்திரியில் உயிர் போகிறது, ஏற்பாட்டாளர் வருகிறார், நேராகப் பத்து லஞ்சாங் மயானம். செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது, நாம் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறோம்.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் அரியேஸ் மேல்நாட்டைப் பற்றி இதைத்தான் எழுதினார்: இருபதாம் நூற்றாண்டில் மரணம் வீட்டை விட்டு மறைக்கப்பட்டது, துக்கப்படுவதே கூச்சமான காரியமாயிற்று. அதே மேல்நாட்டில்தான் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தைத் திறந்தார். குணமாக்க முடியாத நோயாளியின் வலியைக் குறைத்து, அவரிடம் உண்மையைப் பேசி, கௌரவமாக வழியனுப்பலாம் என்று அவர் காட்டினார்.

நம் வீடுகளில் நோய் முற்றினால், "அவர் காதுல விழுந்திடக் கூடாது" என்று எல்லாரும் நடிக்கிறோம். அன்பால்தான் செய்கிறோம். ஆனால் அவரும் தெரிந்துகொண்டே நமக்காக நடிக்கிறார். கடைசியில் சொல்ல வேண்டியதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

நசிகேதனை நினைத்துப் பாருங்கள். கடோபநிடதத்தில் வரும் அவன் ஒரு சிறுவன். பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தந்தை தானம் செய்வதைப் பார்த்து, இது சரியான தானமா என்று உள்ளம் கலங்கியவன். எமன் வீட்டு வாசலில் மூன்று இரவு காத்திருந்தவன். செல்வமும் நீண்ட ஆயுளும் தருகிறேன், மரணத்தைப் பற்றி மட்டும் கேட்காதே என்று எமன் சொன்னபோதும் கேள்வியை விடவில்லை. போலித் தானத்தை ஏற்காத மனம்தான் எமனிடமும் நேராகக் கேட்டது. வாய்மையும் மரணத்தை நேராகப் பார்க்கும் துணிவும் ஒன்றுக்கொன்று உறவு.

4. அரிச்சந்திரன் நின்ற இடம்

தமிழ்நாட்டில் பல சுடுகாடுகளின் வாசலில் அரிச்சந்திரனுக்கு ஒரு கல் உண்டு. பாடையை அங்கே ஒரு தடவை இறக்கி வைத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோவார்கள். ஏன் அவன் அங்கே? அரசை இழந்து, மனைவி மகனை விற்று, தன்னையும் விற்று, காசிச் சுடலையில் காவல் வேலை பார்த்தவன் அவன். பாம்பு கடித்து இறந்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வந்தபோதும், எஜமானுக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்டான். வேலை, வாய்மை, மரணம் மூன்றும் அவனை ஒரே இடத்தில் சோதித்தன. சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்த காந்தி, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக்கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அவன் இன்று பாயான் லெப்பாஸில் இருந்தால்? சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, "புதன்கிழமை எங்கப்பாவோட பதினாறாம் நாள். சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை, ஒரு நாள் வேணும்" என்று நேராகச் சொல்லியிருப்பான். முதல் வாரமே எழுதிக் கொடுத்திருப்பான். மறுத்துவிட்டால், ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேடியிருப்பான். அதுவும் முடியாவிட்டால், குருக்களிடம் பேசி அடுத்த விடுமுறை நாளில் செய்திருப்பான். நாள் தள்ளிப் போனாலும் உண்மையாகச் செய்த சிறு பூசை, பொய்யின் மேல் நடத்திய பெரிய காரியத்தைவிட அப்பாவுக்கு மரியாதை.

ஆனால் பாரத்தை முழுக்க அந்த இளைஞர் தலையில் வைக்கவும் கூடாது. நம்மில் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள், மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். "உண்மையைச் சொன்னால் லீவு கிடைக்காது, பொய் சொன்னால் கிடைக்கும்" என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, பொய் சொன்னவரை மட்டும் குறை சொல்வது தர்மமா? ஒருவர் துக்கத்தில் இருக்கும்போது அவர் ஷிஃப்டை ஏற்றுக்கொள்வதும் ஒரு புண்ணிய காரியம்தான். அன்று பந்தல் போட வந்த அக்கம்பக்கம் இன்று அந்த வடிவத்தில் வரலாம்.

கலந்துரையாட

1. பொய் எம்.சி. யோசனை சொன்ன நண்பர் கெட்டவரா? அவரிடம் என்ன பதில் சொல்வீர்கள்?
2. மனிதரிடம் சொல்லத் தயங்கும் எந்தப் பொய்யை நாம் படிவத்தில் சுலபமாக எழுதிவிடுகிறோம்?
3. நோயின் உண்மையை வீட்டுப் பெரியவரிடம் சொல்வதா, மறைப்பதா? எப்போது, எப்படி?

இந்த மாதம் செய்ய

உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து, குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் எத்தனை நாள் விடுப்பு என்று படித்துப் பாருங்கள். ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். செய்யாவிட்டால் உங்களுக்குப் பிறகு வீட்டார் அந்தப் பணத்துக்கு அலைய நேரும். ஒரு மாலை, போனை ஓரமாக வைத்துவிட்டு, அம்மா அப்பாவிடம் கேளுங்கள்: "உங்களுக்கு எப்படி வழியனுப்பணும்னு ஆசை?" முதலில், "என்ன பேச்சு இது?" என்று திட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிறகு அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.