தவணை நாளும் தோள் வலியும்

தவணைக்கு ஐந்நூறு ரூபாய் குறையுதுன்னா மனசு மட்டுமா இறுகுது? தாடை, தோள், கை எல்லாமே இறுகிடுது. குழுக் கூட்டத்தில் நாங்கள் பார்க்கிறோமே! நாமோ தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துடுறோம்.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் புத்தகமாக எழுதிய வழியை எளிதாக்கிச் சொல்கிறோம். சுவரில் சாய்ந்து உட்காருங்கள். கையை இறுக மூடி ஐந்து எண்ணுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பிறகு அப்படியே விட்டுவிடுங்கள். தளர்ந்த கை எப்படி இருக்கு என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள், அதுதான் முக்கியம். அடுத்து தோளைக் காதுவரை தூக்கி விடுங்கள். பிறகு முகம், வயிறு, கால். வலியுள்ள இடத்தை மட்டும் இறுக்காதீர்கள்.

இதனால் கடன் குறையாது. அதைக் குழுவில் பேசித்தான் தீர்க்கணும். ஆனால் பேசுவதற்கு வாய் வரும். பல நாளாகத் தூக்கமே இல்லை, உயிரை விட்டுடலாம்னு தோணுதுன்னா 14416-க்குப் பேசுங்கள். இலவசம். நடுராத்திரியிலும் பேசலாம்.