நுழைவுச்சீட்டு இல்லாத அரங்கம்

வாரணாசிக்கு எதிரே, கங்கையின் மறுகரையில் இராம்நகர் உள்ளது. காசி மன்னர்களின் கோட்டை இவ்வூரில்தான் இருக்கிறது. அம்மன்னர்களின் ஆதரவில் வளர்ந்த இராமலீலை, ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களையொட்டி ஏறத்தாழ ஒரு மாதம் இங்கு நடைபெறுகிறது. இதனைக் காண நுழைவுச்சீட்டு இல்லை. செல்வரும் வறியவரும் ஒரே மண்ணில் அமர்கின்றனர்.

இங்கு ஊரே மேடை. ஓரிடம் அயோத்தி, ஓரிடம் சனகபுரி, தொலைவிலுள்ள திடல் இலங்கை. இராமன் காட்டுக்குச் செல்லும்போது மக்களும் உடன் நடக்கின்றனர். பெட்ரோமாக்ஸ் விளக்கும் தீவட்டியுமே ஒளி தருகின்றன. துளசிதாசரின் இராமசரிதமானசத்தைப் பாடகர்கள் பாட, பார்ப்போருள் பலர் அந்நூலைக் கையில் ஏந்தி அடியடியாகத் தொடர்கின்றனர்.

இராமனாகவும் சீதையாகவும் நடிப்போர் சிறுவர்களே. ஒலிபெருக்கி இல்லை. அவர்களது குரல் பெருங்கூட்டத்தை எட்டுவது எவ்வாறு? உரையாடல் தொடங்குமுன், அமைதி காக்குமாறு ஒருவர் உரக்கக் கூவுகிறார். கூட்டம் அடங்குகிறது, சிறுவனின் குரல் எழுகிறது. அவ்வேளையில் ஒருவர் பேசினாலும், பின்னால் நிற்பவர் கதையை இழக்கிறார்.

தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் நிகழும் தெருக்கூத்தும் இத்தகையதே. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கதை இரவில் தொடங்கி விடியும்வரை ஆடப்படுகிறது. பாய் விரித்து அமர்வோரிடம் எவரும் காசு கேட்பதில்லை. ஊரார் வீடுதோறும் வரி திரட்டிக் கூத்தருக்கு ஊதியமும் உணவும் அளிக்கின்றனர்.

ஆகவே, கட்டணமில்லாத கலை செலவில்லாத கலை அன்று. பிறர் அச்செலவை முன்னரே ஏற்றுள்ளனர். பார்ப்போர் தரவேண்டியது அமைதியும் கவனமுமே. வடநாட்டு நகரொன்றில் இராமலீலையைக் காணும் தமிழ்ப் பிள்ளை, தன் பாட்டனார் பாய் விரித்துக் கண்ட கூத்தின் உறவினையே காண்கிறது.

சொற்பொருள்
திடல் – வெட்டவெளி
தீவட்டி – எரியும் பந்தம்
கூத்தர் – கூத்து ஆடுவோர்

வினாக்கள்
1. இராம்நகரில் ‘ஊரே மேடை’ எனக் கூறப்படுவது ஏன்?
2. தெருக்கூத்தின் செலவை யார், எவ்வாறு ஏற்கின்றனர்?
3. ‘கட்டணமில்லாத கலை செலவில்லாத கலை அன்று’ – விளக்குக.

செயல்பாடு
சிறுவயதில் இரவு விழித்துக் கண்ட கூத்து அல்லது நாடகம் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.