எங்கிருந்து வந்தது? – துமாகெத்தே துறைமுகம்

பிலிப்பைன்ஸின் நீக்ரோஸ் தீவில் கிழக்குக் கரையோரம் இருக்கிறது துமாகெத்தே. கோவை வாசகர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போய் ஆசை ஆசையாகப் படமெடுத்து வந்தவர். இப்போது மறுபடியும் கேமராவோடு புறப்படுகிறார். பழைய படங்களைப் புரட்டியபோது எழுந்த சந்தேகங்களை எழுதி அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: ஊர் நடுவே தேவாலயத்தை விட்டு விலகி, ஒரு மணிக்கோபுரம் தனியே நிற்கிறது. ஏன் அப்படிக் கட்டினார்கள்?

பதில்: மணி அடிக்க மட்டும் கட்டியதல்ல அது, காவல் கோபுரமும் அதுதான். 18ஆம் நூற்றாண்டில் தெற்கே உள்ள சுலு, மிந்தனாவ் தீவுகள் பக்கமிருந்து கொள்ளைப் படகுகள் இந்தக் கரைகளுக்கு அடிக்கடி வந்தன. பொருளைவிட ஆட்களைப் பிடித்துப்போய் அடிமைகளாக விற்பதுதான் கொள்ளையருக்கு லாபம். உயரத்திலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பாய்மரத்தைக் கண்டதும் மணியடிப்பார். ஊரார் பிள்ளை குட்டிகளோடு பாதுகாப்பான இடம் தேடி ஓடுவார்கள். கட்டுமானக் கல்லும் கடல் தந்ததுதான்: பவளப்பாறையை வெட்டியெடுத்து அடுக்கியிருக்கிறார்கள். இம்முறை கோபுரத்தை முழுசாக எடுத்த கையோடு, சுவருக்கு ஓர் அடி தூரத்தில் நின்றும் ஒரு படம் எடுங்கள். காலைச் சாய்வெயிலில் அந்தச் சொரசொரப்பு நன்றாக விழும்.

கேள்வி: அங்கே மீன்பிடிப் படகுகளுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருக்கிறார்களே, அது யார் கண்டுபிடிப்பு?

பதில்: ஒரு தனி மனிதர் பெயரைச் சொல்ல முடியாது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தைவானிலிருந்து தெற்கே இறங்கி, பிலிப்பைன்ஸ் வழியாகப் பரவிய கடலோடி மக்களின் சொத்து அது. அவர்களின் வழித்தோன்றல்கள் மேற்கே மடகாஸ்கர் வரைக்கும், கிழக்கே ஈஸ்டர் தீவு வரைக்கும் போய்க் குடியேறினார்கள். குறுகலான படகு வேகமாகப் போகும், ஆனால் கவிழும். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து மூங்கில் தண்ணீருக்குள் அமுங்கி, மிதக்கும் விசையால் படகைத் திருப்பி நிமிர்த்துகிறது. இலங்கைக் கரையில் ஒரு பக்கம் மட்டும் மிதவை கட்டிய படகுகளைப் பார்க்கலாம், அடிப்படை ஒன்றுதான். துடுப்பும் பாயும் இருந்த இடத்துக்கு இப்போது சின்ன பெட்ரோல் இன்ஜின் வந்துவிட்டது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பில் இருப்பது போன்ற இன்ஜின் என்பதால் 'பம்ப் போட்' என்றே அழைக்கிறார்கள்.

கேள்வி: சந்தையில் விடியற்காலையில் கெட்டியான சாக்லேட் பானமும் ஒட்டரிசிச் சோறும் தந்தார்கள். இது அந்த ஊர்ப் பழைய உணவா?

பதில்: பாதி அந்த ஊருடையது, பாதி பசிபிக் தாண்டி வந்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்த்து வேகவைக்கும் ஒட்டரிசி, 'புத்தோ மாயா', உள்ளூர்ச் சரக்கு. கூடவே தரும் 'சிக்வாத்தே'யில் இருக்கும் கொக்கோ மெக்சிகோவிலிருந்து வந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. 17ஆம் நூற்றாண்டில் கொக்கோ அந்த வழியாக வந்து தீவுகளில் வேரூன்றியது. வறுத்து அரைத்து வில்லை தட்டிய கொக்கோவைக் கொதிநீரில் போட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மரமத்தை உருட்டி நுரை வரக் கடைவார்கள். அந்த மத்தும் மெக்சிகோவில் சாக்லேட் கடைய வைத்திருக்கும் மத்துதான். வரவு இருந்தால் செலவும் உண்டு: அதே கப்பல்களில் போன பிலிப்பைன்ஸ் மாலுமிகள் மெக்சிகோவின் கொலிமா கரையில் தென்னங்கள் இறக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள். 'தூபா' என்ற பெயரில் அது இன்றும் அங்கே விற்கிறது.

கேள்வி: எடுத்த இடத்திலேயே நின்று அதே படத்தை மறுபடி எடுக்க விரும்புகிறேன். இப்படி ஒரு வழக்கம் உண்டா?

பதில்: உண்டு. அது பிறந்தது பனிமலையில். 1880களின் கடைசியில் ஆல்ப்ஸ் பனியாறுகள் எவ்வளவு சுருங்குகின்றன என்று அளப்பதற்காக, மியூனிக்கைச் சேர்ந்த கணித அறிஞர் செபாஸ்டியான் ஃபின்ஸ்டர்வால்டர் இந்த முறையைப் பயன்படுத்தினார். பிறகு 1977 முதல் 1979 வரை புகைப்படக்காரர் மார்க் கிளெட்டும் குழுவினரும், அமெரிக்க மேற்கில் நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த நில அளவைப் படங்களை அதே இடங்களில் நின்று மீண்டும் எடுத்தார்கள். பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் உள்ள பொருளும் பின்னால் உள்ள பொருளும் படத்தில் எந்த இடைவெளியில் இருக்கின்றனவோ அதே இடைவெளி வரும்வரை நகர வேண்டும். நிழல் பொருந்த வேண்டுமானால் மாதமும் நேரமும்கூட ஒத்துப்போக வேண்டும்.

துமாகெத்தேயில் இதைச் செய்வது வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடாது. 2021இல் அந்தக் கரையில் 174 ஹெக்டேர் கடலைத் தூர்த்துப் புதுநகரம் எழுப்பும் திட்டம் வந்தது. 1901இல் தொடங்கிய சிலிமன் பல்கலைக்கழகத்தின் கடலியல் அறிஞர்களும் ஊர்மக்களும் எதிர்த்து நின்றார்கள். அப்படிப்பட்ட கரைக்கு ஒவ்வொரு படமும் சாட்சி. ஆகவே ரிசால் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து அவசியம் எடுங்கள். தேதி, நேரம், நின்ற இடம் மூன்றையும் ஒவ்வொரு படத்தோடும் எழுதி வையுங்கள். அடுத்து வருபவர் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த மூன்றும் வேண்டும்.